கடலோரத்தில் நாயோடு நடை: முதலில் கடிகாரம், பிறகு பாதை

கேள்வி: சமீபத்தில்தான் ஒரு கடலோர ஊருக்குக் குடிவந்தோம். எங்கள் நாய்க்கு மூன்று வயது, 22 கிலோ, கலப்பினம். இதுவரை தெருவில் நடந்தே பழக்கம். இங்கே கடற்கரை, ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய மண்பாதை, ஒரு பூங்கா மூன்றும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. முதல் ஞாயிறு கடற்கரையில் அலைக்குள் பந்து எறிந்து விளையாடினோம். அன்றிரவே தண்ணீராக வயிற்றுப்போக்கு. இனி எங்கே, எப்போது, எப்படிக் கூட்டிப்போவது? பக்கத்து வீட்டார் தங்கள் பக் நாயையும் சேர்த்துக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: வயிற்றுப்போக்கிலிருந்தே தொடங்கலாம். பெரும்பாலும் அது கடல்நீர் செய்த வேலை. நாய் தாகத்துக்குக் குடித்திருக்க வேண்டியதில்லை. மிதக்கும் பந்தைக் கவ்வ வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மடக்கு உள்ளே போகும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பு உடம்பிலுள்ள தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது. அதுதான் வயிற்றுப்போக்காக வெளியேறுகிறது. நாலைந்து மடக்கோடு நின்றால் ஒரு நாளில் சரியாகிவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் உப்பு என்ற அளவை எட்டினால்தான் நஞ்சின் அறிகுறிகள் தெரியத் தொடங்கும். உங்கள் நாயின் எடைக்கு அது ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் கடல்நீர். விடாமல் பந்து எடுக்கும் நாய்க்கு அது எட்டாத அளவல்ல.

அடுத்த முறை இப்படி நடந்தால் வெறும் நல்ல தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் வேண்டாம். ஏற்கெனவே உப்பு மிகுந்திருக்கும் உடம்பு அது. தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு, ஓயாத வாந்தி இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. அந்த நிலையில் நிறையத் தண்ணீர் புகட்டுவதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு சட்டென்று குறைந்தால் மூளை வீங்கும். அதை மெதுவாகக் குறைப்பது கால்நடை மருத்துவரின் வேலை. வயிற்றுப்போக்கு 24 மணி நேரத்தைத் தாண்டினாலும், அதில் இரத்தம் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடலில் விளையாடவே கூடாது என்பதில்லை. பஞ்சுபோன்ற மேலுறை கொண்ட டென்னிஸ் பந்தை விட்டுவிட்டு, தட்டையாக மிதக்கும் ரப்பர் வளையமோ கயிற்றுப் பொம்மையோ எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான பொருளை வாயின் நுனியால் கவ்வலாம். பந்துக்கு வாயை அகலத் திறக்க வேண்டும். டென்னிஸ் பந்து மணலையும் அப்பிக்கொண்டு வரும். விழுங்கிய மணல் குடலில் கட்டிக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகலாம். பத்து நிமிடம் விளையாட்டு, பத்து நிமிடம் நிழலில் ஓய்வு, ஓய்வின்போது நல்ல தண்ணீர். 22 கிலோ நாய்க்கு ஒரு மணி நேர நடைக்கு ஒரு லிட்டர் எடுத்துப்போனால் போதும். நாக்கு வறளும்வரை காத்திருக்காமல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே கிண்ணத்தை நீட்டுங்கள். தாகம் தீர்ந்த நாய் கடல்நீரை அவ்வளவாக நாடாது.

எங்கே போவது என்பதைவிட எப்போது போவது என்பதே கடலோரத்தில் பெரிய கேள்வி. ஒரே கரை காலை ஆறரைக்குச் சாதுவாக இருக்கும். பத்தரைக்கு அதே இடம் கால் சுடும் மணலும் ஏறும் தண்ணீருமாக மாறியிருக்கும். கிளம்புமுன் இரண்டைப் பாருங்கள்: வெயில், ஓதம் (கடல்நீர் ஏறி வற்றுவது).

கடற்காற்று நம்மை ஏமாற்றும். நம் தோல் முழுக்க வியர்ப்பதால் காற்றுப் பட்டதும் நமக்குக் குளிர்கிறது. நாய்க்குப் பாதத்தில் மட்டுமே கொஞ்சம் வியர்வை. மற்ற வெப்பத்தையெல்லாம் அது மூச்சிரைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியானால்தான் உடம்பு தணியும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அந்த ஆவியாதல் மந்தமாகிவிடுகிறது. உங்களுக்கு ‘இதமான மாலை’யாகத் தோன்றும் நேரத்தில் நாய் திணறிக்கொண்டிருக்கலாம். மாலையைவிட விடியற்காலை நல்லது. பகல் முழுதும் சூடேறிய தார்ச்சாலையும் கல்தளமும் சூரியன் மறைந்த பிறகும் உடனே ஆறிவிடுவதில்லை. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் அது ஆகாது. ஈர மணலில் மட்டும் சோதித்து ஏமாறாதீர்கள். அங்கே போய்ச் சேரக் கடக்க வேண்டிய காய்ந்த மணல்தான் சுடும்.

நாக்கு அகலமாகித் தொங்குவது, எச்சில் கெட்டியாகி நூல்போல் ஒழுகுவது, ஈறு கடுஞ்சிவப்பாவது, நிழலைக் கண்டதும் படுத்துவிட்டு எழ மறுப்பது, இவை எல்லை தாண்டியதன் அடையாளங்கள். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41 டிகிரியில் உள்ளுறுப்புகள் பாதிக்கத் தொடங்கும். முதலில் குளிர்விக்க வேண்டும், வண்டி பிடிப்பது அதற்குப் பிறகு. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுவதும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள். மேலே ஊற்றக் கடல்நீரே போதும். குடிக்க மட்டும் கூடாது. ஈரத்துணியைப் போர்த்தி விடுவது பலரும் செய்யும் தவறு. துணி சீக்கிரமே சூடாகி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். ஆசனவாய் வெப்பமானியில் 39.5 வந்ததும் ஊற்றுவதை நிறுத்தலாம். நாய் எழுந்து வாலாட்டினாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகப் பாதிப்பும் இரத்தம் உறைவதில் வரும் கோளாறும் ஓரிரு நாள் கழித்துத் தலைகாட்டும்.

இனி ஓதம். பெரும்பாலான கரைகளில் தண்ணீர் ஏற ஆறு மணி நேரமும் வற்ற ஆறு மணி நேரமும் ஆகும். நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றுவதும் அதிகம். ஏறும் வேகம் சீரானதல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் மணி நேரத்தில் அசைவே தெரியாது. மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் மொத்த உயரத்தில் பாதி ஏறிவிடும். பாறைகளைச் சுற்றிப் போனவர்கள் திரும்பும் வழியின்றிச் சிக்கிக்கொள்வது அப்போதுதான். உங்கள் ஊருக்கான ஓத அட்டவணையைப் பார்த்து, முழுக்க வற்றுவதற்கு ஒரு மணி முன்பு கிளம்பி, வற்றிய ஒரு மணிக்குள் திரும்பிவிடுங்கள். அந்த நேரத்தில் அகலமான, இறுகிய ஈர மணல் கிடைக்கும். நாயின் மூட்டுக்கு அதைவிட நல்ல தரை இல்லை. புதையும் காய்ந்த மணலில் திடீரென்று திரும்பி ஓடும்போதுதான் முழங்கால் தசைநார் கிழிவது, தசை இழுத்துக்கொள்வது எல்லாம். முதல் இரண்டு வாரம் மணலில் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பாதத்தோல் இறுகவும் நாள் பிடிக்கும்.

முகத்துவாரத்தில் நாயை நீந்த விடாதீர்கள். வற்றும் நேரத்தில் ஆற்றோட்டமும் ஓதமும் சேர்ந்து கடலை நோக்கி இழுக்கும். கடற்கரையிலும் அலை உடையாமல் கருமையாகத் தெரியும் பட்டை இழுநீரோட்டமாக இருக்கலாம். நீந்தும் நாய் என்றால் முதுகில் கைப்பிடி வைத்த மிதவை அங்கியை மாட்டுங்கள். நாய் இழுபட்டுப் போனால் நீங்கள் பின்னால் குதிக்கக் கூடாது. கரையோரமாகப் பக்கவாட்டில் நடந்துகொண்டே கூப்பிடுங்கள். உங்களைப் பார்த்து அது சாய்வாக நீந்தி வர வாய்ப்புண்டு.

முகத்துவார மண்பாதைக்கு வேறு சில தொல்லைகள் உண்டு. அலையாத்தி மரங்களின் மூச்சுவேரும் சேற்றில் புதைந்த சிப்பி ஓடும் பாதத்தைக் கிழிக்கும். பாதம் வெட்டுப்பட்டால் நல்ல தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவே எடுத்து எடுத்துப் பார்த்தால் இரத்தம் நிற்காது. பிறகு விரலிடுக்குகளில் பஞ்சு வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். ஆழமான வெட்டு என்றால் சில மணி நேரத்துக்குள் தையல் போட வேண்டும். தேங்கிய நன்னீரில் எலியின் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) பரவும், மனிதர்களுக்கும் தொற்றும். அதற்கான தடுப்பூசி முதலில் இரண்டு தவணை, பிறகு ஆண்டுதோறும். பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படலம் மிதக்கும் குட்டையில் நாய் வாய் வைக்கவே விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு சில மணி நேரத்திலேயே கொன்றுவிடும்.

புல்லோரம் நடந்தால் உண்ணி. திரும்பியதும் காதின் உட்புறம், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு, வாலடி எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், தீக்குச்சி வேண்டாம். எரிச்சல் தாங்காத உண்ணி தன் உமிழ்நீரைக் காயத்துக்குள் விடும், நோயும் அதன் வழியாகவே வரும்.

கரை ஒதுங்கியவைதான் கடற்கரையின் பெரிய கண்ணி. உடம்பை ஊதிப் பெருக்கும் பேத்தை மீன் காய்ந்து கிடந்தாலும் அதன் நஞ்சு போவதில்லை. மாற்று மருந்தும் கிடையாது. செத்த ஜெல்லிமீனின் இழைகளும் கொட்டும். ஒட்டிய இழையைக் குச்சியால் நீக்கிக் கடல்நீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் பட்டாலும் மணலால் தேய்த்தாலும் மிச்சமிருக்கும் கொட்டும் செல்கள் வெடிக்கும். தூண்டில் முள்ளை விழுங்கி, அதில் கட்டிய தூண்டில் நரம்பு (நைலான் இழை) வாய்க்கு வெளியே தொங்கினால் இழுக்காதீர்கள், ஒட்ட வெட்டவும் செய்யாதீர்கள். அந்த நரம்பைப் பிடித்துத்தான் மருத்துவர் முள்ளைத் தேடுவார். தார்க்கட்டி ஒட்டினால் சமையல் எண்ணெய் தடவி ஊறவிட்டு, நாய்களுக்கான ஷாம்பு போட்டுக் கழுவுங்கள்.

இத்தனைக்கும் ஒரே காப்பு, ‘விடு’ என்றதும் விடும் பழக்கம். மூடிய கைக்குள் தின்பண்டத்தை வைத்து நீட்டுங்கள். மோப்பம் பிடித்து, நக்கி, கடைசியில் முகத்தைத் திருப்பும் அந்த நொடியில் மறு கையிலிருந்து வேறு பண்டம் கொடுங்கள். கைக்குள் இருப்பதைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் காத்திருந்தால் கிடைக்கும் என்றுதான் அது கற்கும். மூடிய கையில் தேறியதும் திறந்த கை, பிறகு தரை, பிறகு நடந்துகொண்டே. பத்துக்கு ஒன்பது முறை சரியாக வந்தால் மட்டும் அடுத்த படி.

கூப்பிட்டால் வரும் பழக்கத்தைப் பூங்காவில் வளர்த்துவிட்டுக் கரைக்குப் போங்கள். ஹார்னெஸின் (மார்பைச் சுற்றி மாட்டும் வார்) முதுகு வளையத்தில் பத்து மீட்டர் நீளக் கயிறு. கழுத்துப் பட்டையில் மாட்டினால் ஓடிவந்து கயிறு தீரும் இடத்தில் கழுத்து வெட்டி இழுக்கும். பருத்திக் கயிறு ஈரத்தில் கனக்கும், மணல் ஏறினால் கையை அறுக்கும். ரப்பர் பூச்சுள்ள நாடா நல்லது. தானாகச் சுருளும் கயிறுக்குள் மணல் போனால் பூட்டு வேலை செய்யாது. ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள், வந்ததும் உடனே பண்டம், மறுபடி ‘போ’ என்று விட்டுவிடுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் கூப்பிட்டால், கூப்பிட்டாலே விளையாட்டு முடிந்தது என்று நாய் கணக்குப் போட்டுவிடும்.

பூங்காவில் செடிகளைப் பாருங்கள். உப்புக்காற்றைத் தாங்கும் என்பதால் கடலோரப் பூங்காக்களில் அரளியை அதிகம் நடுவார்கள். அதன் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. சிறு பனைபோல் தெரியும் அலங்காரச் செடியான சைக்காஸின் விதை கல்லீரலைக் கெடுக்கும். புல்தரையில் மருந்து தெளித்திருந்தால் அன்று அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மூன்று இடங்களையும் முதலில் நாயில்லாமல் ஒருமுறை நடந்து பாருங்கள். அறிவிப்புப் பலகை என்ன சொல்கிறது, நிழலும் குழாயும் எங்கே, தெருநாய்க் கூட்டம் எந்த வளைவில் படுத்திருக்கிறது, நடுவழியில் வெளியேற வழி உண்டா. நாய்களுக்கான விதிகள் ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும். பல கரைகளில் ஆமையும் பறவையும் முட்டையிடும் மாதங்களில் அனுமதி இருக்காது. அனுமதி இருந்தாலும் கடைசி அலை விட்டுப்போன குப்பைக் கோட்டுக்கு மேலே ஏறாதீர்கள். ஆலாவும் உப்புக்கொத்தியும் வெறும் மணலில் சிறு குழியில் முட்டையிடும். மணலோடு மணலாகத் தெரியும் அதை நீங்களே மிதித்துவிடலாம். தாய்ப்பறவை பயந்து எழுந்துபோனால் வெயிலிலேயே முட்டை வெந்துவிடும். மலத்தை அள்ளிப் பையில் கட்டிக் குப்பைத்தொட்டிவரை எடுத்துப்போங்கள்; கடல் அடித்துப்போகும் என்று விட்டால் குளிக்க வருபவர்களுக்குக் கிருமி போய்ச் சேரும்.

தெருநாய்கள் நெருங்கினால் ஓடாதீர்கள், கத்தாதீர்கள். கயிற்றை இறுக்காமல், உங்கள் நாயை உடம்பின் மறுபக்கம் வைத்து, அரைவட்டமாக விலகுங்கள். கைப்பிடி தின்பண்டத்தைத் தூரத் தூவினால் பெரும்பாலும் மூக்கு தரைக்குப் போய்விடும். உங்களை ஒரு நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போங்கள். உங்கள் நாய் கடிபட்டால், முன்பே தடுப்பூசி போட்டிருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் வயிறும் விரலிடுக்கும் படும்படி அலசித் துவட்டுங்கள். உப்பு காய்ந்தால் அரிக்கும், நக்க நக்கப் புண்ணாகும், நக்கிய உப்பு மறுபடி வயிற்றுக்குப் போகும். தொங்கும் காது என்றால் விரலில் சுற்றிய பஞ்சால் எட்டும் மட்டும் ஈரத்தை ஒற்றி எடுங்கள். கயிற்றின் கொக்கியையும் அலசுங்கள். துருப்பிடித்த கொக்கி ஒருநாள் தானாகத் திறந்துகொள்ளும்.

பக் நாயைச் சேர்க்கலாமா என்றால், உங்கள் நாயோடு ஒரே நடையாக வேண்டாம். மூக்கு சப்பையான இனங்களுக்கு மூச்சுப்பாதை குறுகல். மூச்சிரைத்து வெப்பத்தைத் தணிக்கும் வசதியே பாதிதான். கூட ஓடும் பெரிய நாயைப் பார்த்து அது தன் அளவை மறந்துவிடும். நீச்சலும் அதற்கு வராது. கனத்த தலையை மேலே தூக்க உடம்பைச் செங்குத்தாக்க வேண்டியிருக்கும், அப்படியே மூழ்கும். விடிந்ததும் பூங்காவின் நிழலில் பதினைந்து நிமிடம், ஹார்னெஸ் போட்டு, தனியாகக் கூட்டிப்போக முடிந்தால் சரி என்று சொல்லுங்கள். காற்றில் புழுக்கம் தெரியும் நாளில் அதையும் விட்டுவிடலாம்.