வேலை கிளையன்ட் ஆபீசில், சம்பளம் கம்பெனியில்: கடிதம் யாரிடம்?

கேள்வி: சென்னையில் ஒரு ஐ.டி. சர்வீஸ் கம்பெனியில் ஆறு வருடமாக வேலை. நான்கு வருடம் ஒரு வங்கியின் அலுவலகத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். அதற்குப் பின் எட்டு மாதம் அமெரிக்காவில் ஆன்சைட். கனடாவில் நிரந்தரமாகக் குடியேறுவதற்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி விண்ணப்பத்துக்கு அனுபவக் கடிதத்தை வங்கியிடம் வாங்குவதா, கம்பெனியிடமா? செய்த வேலைகளை எழுதித் தர மாட்டோம் என்கிறது ஹெச்.ஆர்.

பதில்: கம்பெனியிடம்தான். உங்களைப் பேரோலில் வைத்திருப்பவரே முதலாளி. வங்கி நீங்கள் வேலை பார்த்த இடம், அவ்வளவே. வங்கி மேலாளர் எவ்வளவு நல்ல கடிதம் தந்தாலும் அது துணை ஆவணம்தான்.

கடிதம் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். நீங்கள் வகித்த எல்லாப் பதவிகளும், அவற்றின் தேதிகளும், செய்த வேலைகளும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதும், ஆண்டுச் சம்பளமும் சலுகைகளும் அதில் வர வேண்டும். கையெழுத்திடுபவரின் பெயர், பதவி, கம்பெனியின் தொடர்பு விவரங்களும் தேவை. நம் ஊர்க் கடிதங்களில் பெரும்பாலும் விடுபடுவது மணி நேரம். 'முழுநேரம்' என்று மட்டும் எழுதி விடுவார்கள். கனடாக் கணக்கில் முழுநேரம் என்றால் வாரம் 30 மணி. எண்ணைப் போடச் சொல்லுங்கள். கிளையன்ட் பெயரை வெளியிடக் கூடாதென்றால் 'ஒரு வங்கி' என்றாலே போதும்.

வேலை விவரத்தை என்.ஓ.சி. பட்டியலிலிருந்து (ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு குறியீடு தந்து அதன் வேலைகளைச் சொல்லும் கனடா அரசின் பட்டியல்) வரிக்கு வரி எடுத்துப் போடாதீர்கள். அதிகாரிக்குச் சந்தேகம் வரும், கடிதத்தின் மதிப்பு குறையும். நிஜமாகச் செய்ததை உங்கள் ப்ராஜெக்ட் சொற்களிலேயே எழுதுங்கள். பதவிப் பெயர் எதுவாக இருந்தாலும், நீங்கள் விண்ணப்பத்தில் காட்டும் என்.ஓ.சி. குறியீட்டின் முக்கிய வேலைகளில் கணிசமானவற்றை நீங்கள் செய்திருக்க வேண்டும்.

ஹெச்.ஆர். அசையாவிட்டால், பதவி, தேதி, சம்பளம் வரைக்குமாவது அவர்களிடம் கடிதம் வாங்குங்கள். வேலை விவரத்தை உங்கள் நேரடி மேலாளர் நோட்டரி முன் உறுதிமொழியாகத் தரட்டும். அவர் அங்கே வேலை பார்ப்பதற்கான சான்றும் வேண்டும். கூடவே ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக், ஹெச்.ஆர். மறுத்த மின்னஞ்சல், ஒரு விளக்கக் கடிதம் சேருங்கள். நீங்களே லெட்டர்ஹெட் தயாரிக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பொய்த் தகவல் தந்தால் கனடா செல்ல 5 ஆண்டுத் தடை.

அமெரிக்காவில் இருந்த மாதங்களை, கம்பெனி மாறாவிட்டாலும், விண்ணப்பத்தின் பணி விவரத்தில் அந்த நாட்டின் பெயரில் தனிப் பதிவாகக் காட்டுங்கள். தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் அங்கே இருந்ததால் குற்றப் பதிவு பற்றிய எஃப்.பி.ஐ. (அமெரிக்கப் புலனாய்வுத் துறை) சான்றிதழும் தேவைப்படும். விண்ணப்பிக்கச் சொல்லி கனடாவிலிருந்து அழைப்பு வந்தபின், எல்லா ஆவணங்களுடன் விண்ணப்பிக்கக் கிடைப்பது 60 நாள்தான். கடித வேலையை இப்போதே தொடங்குங்கள்.