ஓடுற காலுக்கு ரோயிங் மிஷின் சரிவருமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சேர், எனக்கு 19 வயசு, 5000 மீட்டர் ஓடுறேன். முன்னங்கால் எலும்புல ஸ்ட்ரெஸ் ஃப்ரேக்சர், அதாவது ஓடி ஓடி வந்த சின்ன வெடிப்புன்னு சொல்லி ஆறு கிழமைக்கு ஓடவே கூடாதுன்னுட்டார் டாக்டர், ரோயிங், அதான் உக்காந்து துடுப்பு போடுற மாதிரி இழுக்குற மிஷின், அது மட்டும் செய்யலாமாம். நுவரெலியாவுல ஒரு ஜிம்ல போய் லீவர 10ல வச்சு இழுத்தேன். காலு களைக்கவே இல்ல, இடுப்புதான் பிடிச்சிக்கிச்சு. இத செஞ்சா என் ஓட்டம் தங்குமா, இல்ல எல்லாம் போயிருமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: போகாது மகள், பயப்படாதீங்க. இதயமும் நுரையீரலும் நீங்க ஓடுறீங்களா இழுக்குறீங்களான்னு ரொம்ப பார்க்காது, வேலை குடுத்தா அந்த பலம் பெருமளவு நிக்கும். ஆனா காலு களைக்கல, இடுப்பு பிடிச்சிச்சுன்னா நீங்க கையாலயும் முதுகாலயும் இழுத்திருக்கீங்க, ரோயிங்ல பெரிய பங்கு காலுக்குத்தான்.

தரையில கிடக்குற பாரமான மூட்டைய எப்படி காலை ஊன்றி தூக்குவீங்களோ அப்படித்தான் இதுவும். முதல்ல காலால தள்ளணும், அந்த நேரம் கை நீட்டினபடியே இருக்கணும், காலு நேராகி வரும்போது உடம்ப கொஞ்சம் பின்னால சாய்க்கணும், கடைசியாத்தான் கைப்பிடி நெஞ்செலும்புக்கு கீழ வரணும். திரும்பிப் போகும்போது அப்படியே தலைகீழ், முதல்ல கை, அப்புறம் உடம்பு, அப்புறம் முழங்கால் மடக்குறது. கை முழங்காலத் தாண்டுறதுக்கு முந்தியே முழங்கால மடக்கினா கைப்பிடிய அதுக்கு மேலால தூக்கி எடுக்க வேண்டி வரும், புதுசா வர்ற எல்லாரும் செய்றது இதத்தான், கண்ணாடி பக்கத்துல இருந்தா பாருங்க.

லீவர் 10 வேணாம். அது பாரம் கூட்டுற பட்டன் இல்ல, காத்தாடிக்குள்ள எவ்வளவு காத்து போகுதுன்றதுதான். கான்செப்ட்2ன்ற கம்பனியோட மிஷின்னா ஸ்கிரீன்ல மோர் ஆப்ஷன்ஸ் உள்ள டிஸ்ப்ளே டிராக் ஃபேக்டர்னு இருக்கும், காத்து எவ்வளவு எதிர்க்குதுன்னு காட்டுற நம்பர் அது, அதுல ஒரு 100லருந்து 115 வர்ற மாதிரி வைங்க, உங்கள மாதிரி மெலிஞ்ச ஓட்டக்காரங்களுக்கு அது போதும். நுவரெலியா கடல் மட்டத்துலருந்து 1,868 மீட்டர், அங்க காத்து லேசு, அதனால கொழும்புல லீவர் 4ல கிடைக்கிற டிராக் அங்க கிடைக்க 5 வரைக்கும் போக வேண்டி வரலாம். நம்பர பாருங்க, லீவர பார்க்காதீங்க.

இன்னொண்ணு, ஓட்டக்காரங்க காலடி வேகத்துக்குப் பழகினவங்க, அதனால மிஷின்லயும் அவசரப்பட்டு நிமிஷத்துக்கு 30, 32 தரம் இழுப்பாங்க. வேணாம். 18லருந்து 22க்குள்ள வைங்க, தள்ளும்போது பலமா, திரும்பும்போது நிதானமா. முதல் கிழமை 5 நிமிஷமா நாலு தடவ, இடையில எழும்பி நடங்க, இடுப்பு வலி வராம இருந்தா மெல்ல மெல்ல 30, 40 நிமிஷத்துக்கு கொண்டு போகலாம். தள்ளும்போது முன்னங்கால்ல வலி வந்தா அந்த இடத்துலயே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

இப்ப நான் ரொம்ப கவலைப்படுற விஷயத்துக்கு வர்றேன். ரோயிங் செஞ்சு செஞ்சு மூச்சு நல்லா இருக்கும், ஆறு கிழமை முடிஞ்ச அன்னைக்கே பழைய வேகத்துல ஓடலாம்னு மனசு சொல்லும், ஆனா எலும்பும் குதிகால் தசைநாணும் அடி வாங்காமலே இருந்திருக்கு, அது தயாரா இருக்காது. டாக்டர் சரின்னதும் ஒரு நிமிஷம் மெதுவா ஓடி ஒரு நிமிஷம் நடந்துன்னு தொடங்குங்க, அதுவும் சமதரையான கிரவுண்ட்ல. தோட்டத்து ரோட்டுல இறக்கத்துல ஓடாதீங்க, இறக்கம் முன்னங்காலுக்கு ஏத்தத்த விட மோசம்.

அப்புறம் உங்ககிட்ட நேராவே கேக்குறேன். மாசா மாசம் ஒழுங்கா வருதா? சில மாசம் நின்னு போயிருந்தா அத டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, ஓடுறதுக்கு தகுந்த சாப்பாடு இல்லாதப்ப உடம்பு முதல்ல இதத்தான் நிறுத்தும், எலும்பும் அதோட சேர்ந்து பலவீனமாகும். இரும்புச்சத்து எப்படின்னு ரத்தம் ஒருக்கா செக் பண்ணுங்க. சோத்தோட சேர்த்து தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் நம்ம வீடுகள்ல எல்லாம் இருக்கு, அது சாப்பாட்டுல உள்ள இரும்ப உடம்பு சரியா எடுக்க விடாது, ஒரு மணித்தியாலம் கழிச்சு குடிங்க.

கேள்வி: அண்ணா, நான் 10 கிலோமீட்டர் ஓடுறேன், காயம் ஒண்ணும் இல்ல. ஜூன், ஜூலை மழையில ஓட முடியாதப்ப ரோயிங் செய்றேன். 500 மீட்டருக்கு 2:30, அதாவது ரெண்டு நிமிஷம் 30 செக்கன், சுலபமா வருது, ஆனா 2:00க்கு இறக்கினா ரெண்டு நிமிஷத்துல செத்துப் போறேன். ஓட்டத்துல நான் இவ்வளவு மோசம் இல்லையே?
– வாசகர், ஹட்டன்

பதில்: நீங்க மோசம் இல்ல தம்பி, கணக்குதான் அப்படி. காத்த தள்ளுற மிஷின்ல வேகம் கூடக் கூட தேவையான பலம் அதோட மும்மடிப் பெருக்கமா ஏறும், அதாவது வேகம் ரெண்டு மடங்கானா பலம் எட்டு மடங்கு வேணும். 2:30க்கு கிட்டத்தட்ட 104 வாட்ஸ் போதும், 2:00க்கு 203 வாட்ஸ் வேணும், ஏறக்குறைய ரெண்டு மடங்கு! அதனால 2:20, 2:15ன்னு சின்னச் சின்னதா இறக்குங்க. இதுல ஓட்டத்து டைம்ம ஒப்பிடவும் வேணாம், உயரமும் எடையும் உள்ளவங்களுக்கு இது சாதகம். 2000 மீட்டர்ல 5:35.8 செஞ்ச ஜோஷ் டன்க்லி ஸ்மித் ஆஸ்திரேலியாவுக்கு படகு ஓட்டின பெரிய ஆள், உங்க மெலிஞ்ச உடம்புக்கு அந்தக் கணக்கே வேற.

நாடித் துடிப்பு ஓட்டத்த விட கொஞ்சம் குறைவா காட்டினாலும் தப்பா நினைக்க வேணாம், உக்காந்து செய்றதுல பலருக்கு அப்படித்தான். கிழமைக்கு ரெண்டு நாள் போதும், ஒரு நாள் பேசிக்கிட்டே செய்ற அளவு மெதுவா, மத்த நாள் 4 நிமிஷம் பலமா 3 நிமிஷம் மெதுவான்னு நாலு தடவ. முக்கியமான ஓட்டப் பயிற்சிக்கு முந்தின நாள் பலமா இழுக்காதீங்க, தொடை பாரமாயிரும். போட்டிக்கு ஒரு மாசம் இருக்கும்போது மழை பெஞ்சாலும் நனைஞ்சுக்கிட்டு ஓடுறதுதான் என் கட்சி, ஓட்டத்துக்கு ஓட்டம்தான் வேணும்.

கேள்வி: மகனுக்கு ஒரு மிஷின் வாங்கலாமான்னு யோசிக்கிறோம், நாங்க லயத்துல இருக்கோம், இடம் பத்துமா?
– ஒரு தகப்பன், மஸ்கெலியா

பதில்: ஐயா, காத்து மிஷின் எட்டு அடி நீளம் வரும், பின்னால சாய இடமும் விடணும். பல மாடல் ரெண்டா கழட்டி நிறுத்தி வைக்கலாம், ஆனா காத்தாடி சத்தம் ஒத்தச் சுவர் தாண்டி பக்கத்து வீட்டுக்குப் போகும், விடிய அஞ்சு மணிக்கு இழுத்தா கொழுந்துக்குப் போறவங்க தூக்கம் கெடும். முதல்ல டவுன் ஜிம்ல மூணு மாசம் செய்யட்டும், அதுக்கப்புறமும் விடாம போறான்னா செகண்ட் ஹேண்ட்ல தேடுங்க, வாங்குறப்ப சங்கிலி துருப்பிடிச்சிருக்கா, சீட் தண்டவாளத்துல சிக்காம ஓடுதான்னு ரெண்டையும் உக்காந்து இழுத்துப் பார்த்துட்டுத்தான் காசக் குடுக்கணும்.