இனிப்பு ஒயினில் சர்க்கரை சேர்ப்பார்களா? இயற்கை வேளாண் தோட்டத்தில் அந்த ஒயினை எப்படிச் செய்கிறார்கள்? வீட்டில் முயலலாமா?

நான் வேலை செய்த தோட்டத்தில் ஒரு கரண்டிகூடச் சேர்க்கவில்லை. அந்த வேலையைப் பூசணம் பார்த்துக்கொண்டது.

பிரான்சின் போர்டோ நகரில் படித்தபோது, பக்கத்தில் உள்ள சோத்தேர்ன் பகுதியில், இயற்கை வேளாண் சான்று பெற்ற ஒரு தோட்டத்துக்கு அறுவடை வேலைக்குப் போனேன். முதல் நாள், சாம்பல் பூத்துச் சுருங்கிக் கிடந்த குலைகளை அழுகல் என்று ஒதுக்கிவிட்டு, தளதளவென்றிருந்த பழங்களாகப் பார்த்துப் பறித்தேன். மேற்பார்வையிட்ட அம்மையார் என் கூடையை அப்படியே கவிழ்த்துவிட்டார். அவர்களுக்கு வேண்டியதே அந்த அழுகல்தானாம்!

குளிர்ந்த சிரோன் ஆறு, வெதுவெதுப்பான கரோனில் கலக்கும் இடம் அது. இலையுதிர் காலத்தில் விடியற்காலையில் மூடுபனி எழும். அந்த ஈரத்தில் போட்ரைட்டிஸ் என்ற பூசணம் பிடிக்கும். மதியம் வெயில் அடித்தால், பூசணம் துளைத்த தோல் வழியே நீர் வற்றிச் சர்க்கரை செறியும். மழை பிடித்துக்கொண்டாலோ அதே பூசணம் பழத்தைக் குப்பையாக்கிவிடும். 2012இல் இப்பகுதியின் புகழ்பெற்ற ஒயின் தோட்டமான ஷாத்தோ திக்கெம் தன் இனிப்பு ஒயினை வெளியிடவே இல்லை.

எல்லாப் பழமும் ஒரே நாளில் பக்குவப்படாது. ஒரே வரிசைக்கு நான்கைந்து முறை போய், பக்குவமானதை மட்டும் நறுக்க வேண்டும், இடுப்பு விட்டுப்போகும். பிழிந்த சாறு தேன்போல இருக்கும். சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட் 13, 14 சதவீத ஆல்கஹாலில் களைத்துப்போகிறது. லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை மிஞ்சுகிறது. அது மறுபடி நொதிக்காமலிருக்கக் கந்தக டை ஆக்சைடு சேர்க்கிறார்கள். ஆம், இயற்கை வேளாண் ஒயினிலும்தான். அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு.

இதில் பெரிய வேடிக்கை, ஒரு பூசணத்துக்குக் காத்திருந்துகொண்டே, பூசணம் போன்ற இன்னொரு கிருமியை விரட்ட வேண்டும். அடிச்சாம்பல் நோய்க்கு இவர்கள் தெளிப்பது, நம் ஊர் விவசாயிகளும் அறிந்த போர்டோ கலவை, மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும். அது பிறந்ததே இந்த வட்டாரத்தில்தான். தாமிரம் மண்ணிலேயே தங்கிவிடும் என்பதால், ஐரோப்பிய விதிப்படி ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோதான் வரம்பு. 'இயற்கை வேளாண்மை' என்றாலே எதுவும் தெளிப்பதில்லை என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

வீட்டில் முயல வேண்டாம். கடையில் வாங்கிய திராட்சையில் பூப்பது ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற வேறு பூசணமாக இருக்கலாம். அதில் சில நஞ்சை உண்டாக்கும்.