விமானத்துக்கும் ஸ்டிக்கரா?

கேள்வி: அண்ணே, சுங்கை சிப்புட்டில் வேன்களுக்கு வினைல் ஸ்டிக்கர் ஒட்டும் கடை வைத்திருக்கிறேன். விமானத்துக்கும் சாயத்துக்குப் பதிலாக அதையே ஒட்டுகிறார்களாமே, தாங்குமா?

பதில்: தாங்கும் தம்பி. சுபாங்கில் 11 வருடம் விமானங்களுக்குச் சாயம் பூசியவன் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடை ரோல் உதவாது. மேலே மைனஸ் 50 டிகிரிக் குளிர், மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம். இறங்கினால் நம்ம ஊர் வெயில். அதற்கென்றே செய்த காஸ்ட் வினைல் (திரவமாக ஊற்றிக் காயவைத்த மெல்லிய படலம்) வேண்டும். துருவை அது தடுக்காது, அடியில் பிரைமர் என்ற அடிப்பூச்சு இருந்தே ஆகவேண்டும்.

விளிம்புதான் உயிர். ஓரம் கொஞ்சம் எழும்பினாலும் காற்று உரித்துவிடும். ஒருமுறை தகடுகளை இணைக்கும் ஒரு ரிவெட்டு ஆணித் தலையைச் சூடு காட்டி அழுத்தாமல் விட்டேன். மறுவாரம் அங்கே 50 சென் காசு அளவுக்குக் குமிழி! அதன்பிறகு ஒவ்வொரு ரிவெட்டையும் விரலால் தடவிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

இன்னொன்று, உயரமும் வேகமும் அளக்க விமானத்தின் உடம்பில் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றை மறைக்கவே கூடாது. 1996-ல் பெருவில், கழுவும்போது அத்துளைகள்மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்தார்கள். விமானம் கடலில் விழுந்து 70 பேரும் போனார்கள். இந்த வேலைக்கு வர ஆசையிருந்தால், முதலில் அந்தத் துளைகள் எங்கெங்கே என்று கற்றுக்கொள்ளுங்கள் தம்பி.