எழுத்தைப் பாடமாகக் கொண்ட இளங்கலை

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள் ஆங்கிலத்தில் சிறுகதைகள் எழுதி வருகிறாள். அமெரிக்காவிலுள்ள அயோவா பல்கலைக்கழகத்தில், எழுத்தை முதன்மையாகக் கொண்ட ஆங்கில இளங்கலையில் சேர வேண்டும் என்கிறாள். நான்கு ஆண்டுகளும் கதை எழுதுவதுதான் படிப்பா? இங்கேயே பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தால் போதாதா?
– ஒரு தாய், திருச்சி

பதில்: பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1936இல் தொடங்கப்பெற்று, அமெரிக்கச் சிறுகதையாளர் ஃபிளானரி ஓ'கானர் போன்றோர் பயின்றதால் புகழடைந்த அயோவா எழுத்தாளர் பட்டறை ஓர் ஈராண்டு முதுகலைப் படிப்பாகும். தங்கள் மகள் விரும்பும் இளங்கலையை நடத்துவது ஆங்கிலத் துறை. அதில் கணிசமான பங்கு இலக்கிய வாசிப்பே. எழுத்துக்கான தாள்கள் அதனோடு சேர்ந்து வருகின்றன.

அந்த எழுத்து வகுப்புகள் நடைபெறும் முறைதான் இப்படிப்பின் உயிர். ஒரு மாணவர் எழுதிய கதையைச் சில நாள்களுக்கு முன்பே வகுப்பிலுள்ள அனைவரும் பெற்று, வரிவரியாகப் படித்துக் குறிப்பெழுதி வந்து, எந்த இடத்தில் ஆர்வம் தளர்ந்தது, எந்தப் பாத்திரத்தை நம்ப முடியவில்லை என்றெல்லாம் விவாதிக்க, எழுதியவர் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருப்பதே நெடுநாள் மரபு. (இப்போது சில ஆசிரியர்கள் எழுதியவரையும் பேச விடுகிறார்கள்.) வீட்டில் பாராட்டு மட்டுமே கேட்டு வளர்ந்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இது வலிக்கும். ஆயினும் தன் கதையைத் தானே பிரித்துத் திருத்தும் பழக்கம் இதில்தான் வருகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நம் கல்லூரிகளின் பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் ஆறு பருவங்களிலும் பெரும்பாலும் பிறர் எழுதியவற்றைப் பற்றியே தேர்வெழுதுகிறோம். மாணவரின் சொந்தக் கதையை ஆசிரியர் கையில் வாங்கிப் படிக்கும் வாய்ப்பு அரிது. இக்குறையை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஷேக்ஸ்பியரையும் இந்திய ஆங்கில எழுத்தையும் பயில்வதோடு முதற்பகுதியாகத் தமிழையும் தொடர முடிவது, இம்மண்ணின் மனிதர்களை ஆங்கிலத்தில் எழுதப்போகும் ஒரு பெண்ணுக்குச் சிறிய பேறன்று.

செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அயோவா பல்கலைக்கழகம் மாநில அரசுடையதே எனினும், அம்மாநிலத்தாருக்குரிய குறைந்த கட்டணம் வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது. வீட்டை அடகு வைத்துத்தான் அனுப்ப முடியும் என்ற நிலையிருந்தால், இளங்கலையை இங்கே முடித்துவிட்டு முதுகலைக்கு முயலலாம் என்பேன். அந்தப் பட்டறையின் சேர்க்கையில் மதிப்பெண்ணைவிட, அனுப்பிவைக்கும் படைப்பே பெரிதும் கவனிக்கப்படுகிறது; சேர்வோருக்கு நிதியுதவியும் உண்டு.

முடிவெடுக்குமுன், தங்கள் மகளின் ஒரு கதையை, அவளை அறியாத நான்கைந்து நல்ல வாசகர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவள் குறுக்கிடாமல் கேட்டு, மறுவாரம் அதே கதையைத் திருத்தி எழுத உட்காருகிறாளா என்று பாருங்கள். உட்கார்ந்தால், எங்கே சேர்ப்பது என்பதை இருவருமாகப் பேசத் தொடங்கலாம்.