பாதி படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கும்பகோணத்தில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடுகிறோம். தலைப்பு, சிறப்புரை எதுவும் கிடையாது. அவரவர் இப்போது என்ன படிக்கிறோம், அது எப்படிப் போகிறது என்று ஆளுக்கு ஐந்து நிமிடம் சொல்வோம். அப்புறம் டீ, அரட்டை. அவ்வளவுதான்.

போன மாதம் நான் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ பற்றிப் பேசினேன். பாதிதான் ஆகியிருக்கிறது. ஆரம்பத்தில் ஊர், உறவு, முன்னோர் என்று போய்க்கொண்டே இருந்ததில் அலுப்புத் தட்டியது, மாயவரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்ததிலிருந்து கீழே வைக்க முடியவில்லை என்றேன். இன்னொன்றும் சொன்னேன். எங்கே போனாலும் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதையும் எழுதிவிடுகிறார், இவ்வளவு பெரிய அறிஞர் இதற்கு ஏன் இத்தனை பக்கம் செலவழிக்க வேண்டும் என்று கேட்டேன்.

எங்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பாதியைப் படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்லக் கூடாதும்மா, முடித்துவிட்டு வந்து பேசு” என்றார். இனிமேல் முடித்த புத்தகங்களைப் பற்றி மட்டும் பேசுவது என்று ஒரு யோசனையும் வந்திருக்கிறது. வேலை, வீடு, குழந்தை போக எனக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் ஓடினால் பெரிது. அப்படி விதி வைத்தால் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறைதான் நான் வாய் திறக்க முடியும். அவர் சொல்வது சரியா? இதை முடித்தபின் அடுத்து எதைப் படிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, கும்பகோணம்

*

அன்புள்ள கும்பகோணம் வாசகிக்கு,

அந்த விதி வேண்டாம். உங்கள் கூட்டத்தின் உயிரே ‘இப்போது’ என்பதில்தான் இருக்கிறது. முடித்த புத்தகத்தைப் பற்றிப் பேச வேறு மேடைகள் நிறைய உண்டு.

உங்கள் ஆசிரியர் அந்தப் பேச்சை எந்தப் புத்தகத்தை வைத்துச் சொன்னார் என்று பாருங்கள். ‘என் சரித்திரம்’ எழுதி முடிக்கப்படாத புத்தகம். 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் வாரா வாரம் வரத் தொடங்கியது. 122 அத்தியாயம் ஆனபோது, 1942 ஏப்ரல் 28 அன்று ஐயர் காலமாகிவிட்டார். கதை மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய காலத்தோடு நின்றுபோகிறது. மணிமேகலை வந்தது 1898இல். அதற்குப் பின் நாற்பது வருஷத்துக்கு மேல் அவர் வாழ்ந்தார், ஏடு தேடினார், பதிப்பித்தார். அதெல்லாம் இந்தப் புத்தகத்தில் இல்லை. நூலாக வந்தது 1950இல்தான். விகடனில் அதைப் படித்தவர்கள் அடுத்த வாரம் என்ன வரும் என்று தெரியாமல்தான் படித்தார்கள், பேசினார்கள். ‘முடித்துவிட்டுப் பேசு’ என்று அவர்களிடம் சொல்லியிருந்தால் எதை முடித்திருப்பார்கள்?

தமிழில் உரைநடை வாசிப்பு பரவியதே பெரும்பாலும் தொடர்கதை வழியாகத்தான். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை மூன்றரை வருஷம் கல்கி இதழில் வந்தது. அத்தனை காலமும் ஜனங்கள் வாயை மூடிக்கொண்டா இருந்தார்கள்? பத்திரிகை வந்த அன்றே வீட்டில் யார் முதலில் படிப்பது என்று சண்டை. படித்ததும் நந்தினி யார், அவள் மனதில் என்ன இருக்கிறது என்று திண்ணையில், ஆபீசில், ரயிலில் பேச்சு. தொடர் முடிந்ததும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுத வேண்டியிருந்தது. வாரா வாரம் பேசிப் பேசி அந்தக் கதாபாத்திரங்களோடு அவர்கள் அவ்வளவு நெருங்கியிருந்தார்கள். முழுப் புத்தகமாக ஒரே மூச்சில் படிப்பவர்களுக்கு அந்த நெருக்கம் அவ்வளவு எளிதில் வருவதில்லை என்றே நினைக்கிறேன்.

நீங்கள் இனிமேல் வந்து சேரப்போகிற ஒரு இடத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கதைப் புத்தகம் இல்லையே, முன்கூட்டித் தெரிந்தால் நஷ்டம் ஒன்றும் கிடையாது. அதோடு, அது உங்கள் ஊரிலேயே நடந்தது.

1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. சாமிநாதையர் அந்த வருஷம்தான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்தார். வயது இருபத்தைந்து. ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று வரிசையாக அடுக்குகிறார். முதலியார் அசையவே இல்லை. பழைய நூல்கள் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை. புத்தகமே கையில் கிடைத்ததில்லை.

அந்தச் சந்திப்பில் நடந்தது வேறொன்றுமில்லை. ஒருவர் மற்றவரிடம் ‘என்ன படிக்கிறீர்கள்’ என்று கேட்டார், வந்த பதிலைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைத் தயங்காமல் சொன்னார். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடப்பதும் அதுவேதான். அப்புறம் முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுக்கிறார். படிக்கிறார்கள், புரியவில்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டவருக்கே அது சமண நூல் என்பதால் பல இடம் பிடிபடவில்லை. அர்த்தமாகாததை அர்த்தமாகவில்லை என்று ஒத்துக்கொண்டு, தெரிந்தவர் யார் என்று தேடிக்கொண்டு போகிறார். அது பாதி படித்த நிலையில் பேசுவதுதானே? முழுக்கப் புரிந்தபிறகுதான் வாய் திறப்பேன் என்று இருந்திருந்தால் அவருக்குச் சிந்தாமணி கைகூடியே இருக்காது.

அப்படித் தேடிக்கொண்டு கும்பகோணத்திலேயே சமணர்கள் இருந்த தெருவுக்குப் போகிற காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. போன வீட்டு வாசலில் தோரணம் கட்டியிருக்கிறது. என்ன விசேஷம் என்று விசாரிக்கிறார். சிந்தாமணியை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதாக மாதக்கணக்கில் நடந்து வந்ததாம், அன்றைக்குத்தான் பூர்த்தியாயிற்றாம். தமிழ் படித்த வித்துவான்களுக்கே எட்டாத ஒரு காவியத்தை, அதே ஊரில் சில குடும்பங்கள் கூடி உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துப் பேசி வந்திருக்கின்றன. இவர் கேட்ட சந்தேகங்களுக்கு அவர்கள் விளக்கம் சொன்னார்கள். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தபோது அந்த வீட்டுப் பேச்சுக்கும் அதில் பங்கு இருந்தது. கும்பகோணத்தில் வாசகர் கூட்டம் நடத்துகிற உங்களுக்கு இது பெருமையாக இருக்க வேண்டும்.

சரி, உங்கள் சாப்பாட்டுக் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கடிதத்தில் எழுதியதிலேயே சிறந்த வரி அதுதான். ஏன் இத்தனை இடத்தில் சாப்பாடு வருகிறது? அக்காலச் சாதி வழக்கப்படி பிராமண மாணவர் வேளாளரான ஆசிரியர் வீட்டில் சாப்பிட முடியாது. பாடம் சொல்லிக் கொடுக்க ஆசிரியர் தயாராக இருக்கிறார், சம்பளம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் தன் மாணவனுக்கு ஒரு வேளைச் சோறு போட அவரால் முடியாது. வேறு வீடு பார்க்க வேண்டும், யாராவது மனம் வைக்க வேண்டும். ஆகவே ஐயருக்கும் அவருடைய தகப்பனாருக்கும் ‘எங்கே சாப்பாடு’ என்பது ‘படிப்பு நடக்குமா’ என்கிற கேள்வியாகவே இருந்தது. பிள்ளையின் நிலைமையையும் பாருங்கள். ஊர் ஊராகத் தலபுராணம் பாடிய மகாவித்துவான், திருவாவடுதுறை மடத்தின் ஆதரவு வேறு இருந்தது, அப்படியும் கடனும் முடையும் அவரை விடவில்லை. ஏறக்குறைய எண்பத்தைந்து வயதில் எழுத உட்கார்ந்த ஐயர் இதையெல்லாம் மறைக்கவில்லை. தமிழ்க் கல்வி எந்த வயிற்றின் மேல் நின்றது என்று இதைவிடத் தெளிவாகச் சொன்ன புத்தகத்தை நான் படித்ததில்லை.

ஆக, நீங்கள் கவனித்தது நூற்றுக்கு நூறு சரி. அதை நீங்கள் எடுத்துக்கொண்ட விதத்தில்தான் எனக்கு வேறுபாடு. இது பாதியில் பேசியதால் வந்த கோளாறு என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். முடித்த பிறகு பேசியிருந்தால் இந்தக் கேள்வியே உங்களுக்கு நினைவில் இருந்திருக்காது. கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டால் மனது தன்னையறியாமல் எல்லாவற்றையும் சமன் செய்துவிடும். ‘அருமையான புத்தகம், எல்லோரும் படிக்க வேண்டும்’ என்று நான்கு வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். அறுபதாம் பக்கத்தில் அலுத்தது, நூறாம் பக்கத்தில் விழித்தது, ஒரு விஷயம் உறுத்தியது, இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது சொன்னால்தான் உண்டு.

உங்கள் தமிழாசிரியர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பின்னட்டையைப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்களை அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருப்பார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது சோற்றுக்குச் சரி, புத்தகத்துக்கு ஆகாது. ‘இந்த ஆசிரியர் இப்படிப்பட்டவர்’, ‘இந்த நாவல் தேறாது’ என்பவற்றைப் பாதியில் சொல்லக் கூடாது என்றால் நானும் அவர் கட்சிதான். மாயவரம் பகுதியைப் படிக்கிற யாருக்கும் இது முழுக்க முழுக்கக் குருவின் புகழ் என்று தோன்றலாம். அதே பகுதியில்தான் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்கப் போனதும், பிள்ளைக்கு அது பிடிக்காததால் நிறுத்தியதும் வருகிறது. தகப்பனாரோ சங்கீத வித்துவான், மகனுக்குப் பாட்டு வர வேண்டும் என்று ஆசைப்பட்டவர். குருவைக் குறை சொல்லி ஒரு சொல் கிடையாது. ஆனால் பிள்ளை தடுத்தார் என்பதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். புகழ் மட்டும் என்று முன்பே முடிவு கட்டிவிட்டவர் கண்ணில் அது படாமல் போய்விடும்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டே ஆரம்பியுங்கள். அதைச் சொல்லிவிட்டால் நீங்கள் பேசுவது தீர்ப்பு இல்லை என்று கேட்பவர்களுக்குத் தானாகவே புரியும். கதைச்சுருக்கம் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் நான்கை அது தின்றுவிடும். உங்களை நிறுத்திய ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். புத்தகத்தின் குரலைக் கேட்டால்தான் மற்றவர்களுக்குப் படிக்கத் தோன்றும். புரியாத இடத்தையும் சொல்லுங்கள். அந்தத் தமிழாசிரியரையே கேளுங்கள், அவரைவிட நன்றாக யார் சொல்லித் தரப்போகிறார்கள்? அலுத்த இடத்தைச் சொல்லவும் கூச்சம் வேண்டாம். உத்தமதானபுரத்து வரலாற்றில், ஏகாதசியன்று மறந்து தாம்பூலம் போட்டுக்கொண்ட ராஜா அதற்குப் பரிகாரமாக ஊரையே தானம் செய்த கதையை ரசிக்கிறவர்கள் உங்கள் கூட்டத்திலேயே இருப்பார்கள். அவர்கள் உங்களுக்குப் பதில் சொல்லட்டும். ஒரு புத்தகத்தைப் பாதியில் விட்டுவிட்டாலும் சொல்லலாம். எந்தப் பக்கத்தில் விட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

உங்கள் கூட்டத்துக்கு ஒரு விதி கட்டாயம் வேண்டும் என்றால், அதை முடித்தவர்களுக்கு வையுங்கள். ஒருவர் நாவலின் நடுவில் இருக்கும்போது, முன்பே படித்தவர் முடிவை உடைத்துவிடக் கூடாது. ‘அந்த ஆள் கடைசியில் செத்துப்போவான், அதுவரைக்கும் படிங்க’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பாதியில் பேசுகிறவரைவிடக் கூட்டத்துக்குப் பெரிய கெடுதல் செய்கிறவர் அவர்தான். முடித்தவர் செய்ய வேண்டியது கேள்வி கேட்பது. ‘இப்போது உனக்கு யாரைப் பிடித்திருக்கிறது, ஏன்?’ என்று கேட்டாலே பேச்சு ஓடும்.

நாளுக்குப் பத்துப் பக்கம் பற்றி வருத்தப்பட்டிருக்கிறீர்கள். விகடன் காலத்தில் வாரத்துக்கு ஒரே ஒரு அத்தியாயம்தான். நீங்கள் அவர்களைவிட வேகமாகத்தான் போகிறீர்கள்.

அடுத்து என்ன என்ற கேள்விக்கு: கதை நின்ற இடத்துக்கு அப்பால் ஐயரைத் தெரிந்துகொள்ள அவருடைய மாணவர் கி.வா. ஜகந்நாதன் எழுதிய ‘என் ஆசிரியப்பிரான்’ இருக்கிறது. ஆனால் நான் உங்களுக்குச் சொல்வது அதற்கு முன் ஐயரே தம் ஆசிரியரைப் பற்றி எழுதியதை. ‘மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்’ என்று இரண்டு பாகம், 1933, 1934இல் வந்தது. மாயவரத்து நாட்களை ஒரு மாணவனாக நீங்கள் இப்போதுதான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதே நாட்களை ஆசிரியரை நடுவில் வைத்து அங்கே பார்க்கலாம். சாப்பாட்டுப் பிரச்சினை அந்தப் பக்கத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்த்து எழுதுங்கள். முதல் பாகத்தின் நடுவில் இருக்கும்போதே எழுதுங்கள்.

அன்புடன்.