பிள்ளை பெற்ற வீட்டில் பத்தியச் சட்டி தனியாக வேண்டுமா?

கேள்வி: வணக்கமுங்க டாக்டர். எங்களுக்குப் பெருந்துறைப் பக்கமுங்க. மகளுக்கு ஆபரேசன் பண்ணிப் பையன் பொறந்து இன்னையோட பதிமூணு நாள். எங்கம்மாவுக்கு எண்பது வயசு, அவங்க சொல்ற பத்தியம்தான் நடக்குதுங்க. மூணு வேளையும் பூண்டு ரசமும் சோறும். பருப்பு தின்னா தையல் சீழ் வெச்சுக்குமாம், கீரையும் பழமும் பிள்ளைக்குச் சளியாம், தண்ணி நெறையக் குடிச்சா வயிறு பெருத்துருமாம். மகளுக்கு நாலு நாளா வெளிக்குப் போகலீங்க. எந்திரிச்சா தலை சுத்துதுங்கறா, பாலும் பத்தலைங்கறா. ஊட்டுக்காரருக்குச் சர்க்கரை, மூணு வயசுப் பேத்தி ஒண்ணு. ஆளுக்கொரு சட்டி வெச்சு எனக்கு முடியறதில்லீங்க. என்னதான் சமைக்கறது?
வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: மறுபடியும் அம்மிச்சி ஆகியிருக்கிறீர்கள், வாழ்த்துகள். ஆளுக்கொரு சட்டி தேவையில்லை. வீட்டுக்கு ஆக்குவதையே மகளுக்கும் கொடுக்கலாம், ஆனால் எல்லோரையும் விட அவருக்குக் கூடுதலாகப் போட வேண்டும். அதற்கு முன் அந்த நாலு நாள் மலச்சிக்கலைப் பார்ப்போம்.

பால் கொடுக்கும் தாய்க்குக் குடிப்பதெல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் தேவைப்படும். அளந்து ஊற்றினால், உடம்பு மிச்சம் பிடிக்கும் இடங்களில் பெருங்குடலும் ஒன்று. மலத்தில் இருக்கும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும், அது கல்லாகிவிடும். அறுவை முடிந்த உடம்பில் நீர் குறைந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடுகிறது. வயிறு பெரிதாகத் தெரிவதற்குத் தண்ணீர் காரணமில்லை. கருப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வரவே 6 வாரம் ஆகும். பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வையுங்கள். வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்பது அவர் இஷ்டம்.

காலையில் பழுத்த பப்பாளி ஒரு கிண்ணம் அல்லது கொய்யா ஒன்று கொடுங்கள். இரவில் ஊறப்போட்ட உலர் கறுப்புத் திராட்சை 15, ஊறிய நீரோடு. மதியம் ஒரு கரண்டி கீரை. வெளிக்கு உட்காரும்போது காலடியில் சின்ன மணை ஒன்று போட்டு முழங்கால் இடுப்பை விட உயரமாக இருக்கட்டும், முக்கத் தேவையிருக்காது. இரண்டு நாளில் சரியாகாவிட்டால் பிரசவம் பார்த்த மருத்துவரிடம் கேளுங்கள். பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய லாக்டுலோஸ் போன்ற மருந்து இருக்கிறது. விளக்கெண்ணெயை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் இரண்டு நாள் பார்ப்பதற்கில்லை, உடனே ஆஸ்பத்திரி.

இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும், கறுப்பாக்கும். அதற்காக நிறுத்திவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் அந்த மாத்திரை உண்டு. கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் காலையும் மதியமும் சாப்பாட்டோடு, இரும்பு இரவில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது. எந்திரித்தால் தலை சுற்றுகிறது என்கிறீர்களே, அதற்கு ஹீமோகுளோபினும் ரத்த அழுத்தமும் இந்த வாரமே பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருந்தால் அந்த மாத்திரையே போதுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

இனி பருப்பு. தையல் சீழ் வைப்பது கிருமியால், பருப்பால் அல்ல. அறுத்த இடம் ஒட்டிச் சேரப் புரதம் வேண்டும், பால் சுரக்கவும் புரதம் வேண்டும். பால் கொடுக்கும் முதல் 6 மாதத்துக்கு வழக்கத்தை விட நாளுக்குச் சுமார் 600 கலோரியும் 17 கிராம் புரதமும் கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. ஏறக்குறைய இன்னொரு வேளைச் சாப்பாடு. ரசம் சோற்றில் வயிறு நிறையும், அந்தக் கணக்கு நிறையாது.

இதற்கு நம் பக்கத்து அரிசிம்பருப்புச் சாப்பாட்டை விடத் தோதான ஒன்று இல்லை. வழக்கமாக மூன்று பங்கு அல்லது நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போடுவீர்கள். இப்போதைக்கு இரண்டுக்கு ஒன்று போடுங்கள். உங்கள் வீட்டு ஆட்களுக்கு 200 மில்லி டம்ளரில் அரிசி 2, துவரம் பருப்பு 1. பருப்பை அரை மணி நேரம் முன்னதாகவே ஊறப்போட வேண்டும். அரிசியோடு சேர்த்துக் கழுவி அப்படியே போட்டால் அரிசி குழைந்த பிறகும் பருப்பு நறுக்கென்று நிற்கும். அரிசிக்குக் கால் மணி நேரம் ஊறினால் போதும். கடலை எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி காயவைத்து, கடுகு, சீரகம், கறிவேப்பிலை, உரித்த சின்ன வெங்காயம் 25, பூண்டு 15 பல், பொடியாக நறுக்கிய தேங்காய் இரண்டு மேசைக்கரண்டி, தக்காளி இரண்டு, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் என்று வரிசையாக வதக்குங்கள். மிளகும் சீரகமும் தலா ஒரு தேக்கரண்டி எடுத்து ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுங்கள். தண்ணீர் 8 டம்ளர், புழுங்கல் அரிசி பழசாக இருந்தால் இன்னும் அரை டம்ளர்.

தண்ணீர் ஊற்றியதும் கரண்டியால் குக்கரின் அடியை ஒருமுறை சுரண்டி விடுங்கள். அடிப்பிடிப்பது பெரும்பாலும் தண்ணீர் குறைவதால் அல்ல, வதக்கிய தக்காளி அடியில் ஒட்டிக் கிடப்பதால். 5 லிட்டர் குக்கராக இருக்கட்டும், பாதிக்கு மேல் நிறையக் கூடாது. பருப்பு நுரைத்து ஏறி ஆவித் துளையை அடைக்கும். நடுத்தீயில் நாலு விசில் விட்டு, ஆவி தானாக அடங்கும் வரை திறக்காதீர்கள். திறந்த பிறகு இரண்டு கைப்பிடி முருங்கைக் கீரையைப் போட்டு, மூடாமல் சின்னத் தீயில் மூன்று நிமிடம் கிளறுங்கள். கீரையை முதலிலேயே போட்டால் கறுத்துக் கசக்கும், பேத்தி தட்டைத் தள்ளிவிடுவாள்.

மிளகாய் வேண்டும் என்பவர்களுக்கு வரமிளகாயைத் தனியாகத் தாளித்துத் தட்டில் ஊற்றிவிடலாம். வீட்டுக்காரருக்கு இதே சாப்பாடுதான், ஒரு கரண்டி குறைத்து, தட்டில் பாதிக்குப் பொரியல். மகளுக்கு இரண்டு கரண்டி கூட்டி, மேலே ஒரு கரண்டி நெய், பக்கத்தில் தயிர். தயிரால் பிள்ளைக்குச் சளி பிடிக்காது. சளி வைரஸால் வருவது, தாய் தின்ற குளிர்ச்சி பாலில் இறங்குவதில்லை. வாயுவும் அப்படித்தான்: அது தாயின் குடலில் உண்டாகி அங்கேயே போய்விடும், பாலுக்குள் போக வழியில்லை.

கொள்ளு. நூறு கிராமில் சுமார் 22 கிராம் புரதம், பருப்புக்கு இளைத்ததில்லை. சூடு என்று பயப்பட வேண்டாம். ஆனால் கல் அரிப்பதில் சோம்பல் கூடாது, கொள்ளில் கிடக்கும் கல் கொள்ளு நிறத்திலேயே இருக்கும். அகலமான பாத்திரத்தில் நீரோடு ஆட்டி ஆட்டி மேலே வருவதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், கடைசிப் பிடி அடியிலேயே நிற்கட்டும். ஒரு டம்ளர் கொள்ளை 8 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, மூன்றரை டம்ளர் புதுத் தண்ணீரில் 7, 8 விசில். நகத்தால் அழுத்தினால் மாவாக நசுங்க வேண்டும், இல்லையென்றால் எத்தனை கடைந்தாலும் திப்பியாகத்தான் வரும். வெந்த தண்ணீரை இறுத்து ரசத்துக்கு வைத்துக்கொண்டு, கொள்ளைச் சின்ன வெங்காயம், பூண்டு, மல்லி, சீரகத்தோடு சட்டியில் கடைந்துவிடுங்கள். முதல் வாரம் இரண்டு நாள், அரைக் கரண்டியோடு தொடங்கட்டும். ஏற்கெனவே இறுகிய வயிற்றில் முழுக் கிண்ணம் போட்டால் உப்பசம் வரும், பழி கொள்ளின் மேல் விழும்.

மிளகு, திப்பிலி, சுக்கு என்று மருந்துச் சாமான் போட்டு வைக்கும் செலவு ரசத்தை உங்கள் அம்மா விடமாட்டார், விடவும் வேண்டாம். வாய்க்கு இதமாக இருக்கும், சோறு இறங்கும். ஆறு பேருக்கு மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் இரண்டு, மல்லி ஒரு மேசைக்கரண்டி, அரிசித் திப்பிலி 6, கண்டதிப்பிலி இரண்டு குச்சி, சுக்கும் சித்தரத்தையும் சுண்டுவிரல் நகமளவு. வாசம் வரும் வரை மட்டும் வறுங்கள், கறுத்தால் கசக்கும். மருந்து என்று நினைத்துக் காரச் சாமானை இரட்டிப்பாக்கினால் நெஞ்செரிச்சல்தான் மிச்சம். இது சோற்றுக்குத் துணை, சோற்றுக்குப் பதில் இல்லை. கொள்ளு வெந்த நீரில் இதை வைத்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

கோழிச் சாறும் அப்படித்தான். பிள்ளை பெற்றவளுக்குச் சாற்றை ஊற்றிவிட்டு, கறியைச் சக்கை என்று மற்றவர்கள் தின்பது பல வீடுகளில் வழக்கம். புரதம் அந்தக் கறியில்தான் கிடக்கிறது. சாற்றில் இறங்குவது உப்பும் வாசமும் கொஞ்சம் கொழுப்பும். வெடைக்கோழி என்றால் நாலு விசில், முற்றிய சேவல் என்றால் ஏழு, கறி எலும்பை விட்டுக் கழன்று வர வேண்டும். மகளுக்கு நாலைந்து துண்டு கட்டாயம். அசைவம் இல்லாத நாளில் முட்டை இரண்டு, அல்லது பச்சைப்பயறு கடைசல் ஒரு கிண்ணம்.

காலைக்குச் சந்தவை (இட்லியைப் பிழிந்து எடுக்கும் இடியாப்பம் போன்றது) நல்ல உணவு, மெத்தென்று இறங்கும், தேங்காய்ப்பாலோடு பேத்திக்கும் பிடிக்கும். ஆனால் அதைப் பிழியும் சந்தவை மரத்தை அழுத்த மகளைக் கூப்பிடாதீர்கள், வயிற்றுத் தசைக்கு அது ஆகாது. வெந்த இட்லியை ஆவி பறக்கப் பிழிந்தால்தான் இழை வரும், ஆறினால் இரண்டு ஆள் தொங்கினாலும் இறங்காது. எனவே துணைக்கு ஆள் இருக்கும் நாளில் மட்டும்.

ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கொடுத்து முடித்ததும் வரும் பசியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கட்டில் அருகே ஒரு தூக்குப்போசியில் கடலை உருண்டை இரண்டு, பேரீச்சை மூன்று, வாழைப்பழம் ஒன்று வைத்துவிடுங்கள். கடலை பேத்தி கைக்கு எட்டக் கூடாது, அந்த வயதில் முழுக் கடலை மூச்சுக்குழாயில் சிக்கும், அவளுக்குப் பொடித்துக் கொடுங்கள். ராகிக் கூழும் தாராளமாகக் குடிக்கலாம், நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. உளுந்தங்களி கிண்டினால் வீட்டுக்காரர் ஒரு உருண்டையோடு நிறுத்திக்கொள்ளட்டும். கருப்பட்டியும் சர்க்கரைதான், நிறம் கறுப்பு என்பதால் ரத்தத்தில் ஏறாமல் இருக்காது.

பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் கேரியரில் கொண்டுவரும் சோற்றில் ஒரு எச்சரிக்கை. ஆக்கிய சோறு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் ஒருவகைக் கிருமி அதில் பெருகி நஞ்சை விடும், மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. கேட்டால் சோறு எப்போது ஆக்கியது என்று சொல்லிவிடுவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

பால் பத்தவில்லை என்ற கவலைக்கு வருவோம். பூண்டோ வெந்தயமோ அதிகம் தின்று பால் கூடுவதை விட, பிள்ளை மாரை எத்தனை முறை காலி செய்கிறான் என்பதில்தான் சுரப்பு இருக்கிறது. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, இரவிலும். வெந்தயம் ஒரு தேக்கரண்டிக்கு மேல் போனால் தாய்க்கு வயிறு இளகும், சர்க்கரை மருந்து சாப்பிடுகிறவர் கேட்டுவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். பையன் நாளுக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது. பிறந்தபோது இருந்த எடை, முதல் சில நாளில் குறைந்தாலும், இரண்டு வாரத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். நாளை பதினான்காம் நாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ எடை போட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால் டப்பா பால் வாங்குவதற்கு முன்னால், பிள்ளை மாரைப் பிடிக்கும் விதத்தை அவர்கள் பார்க்கட்டும்.

பையன் வாயில் 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். வசம்பு, உரை மருந்து, சர்க்கரைத் தண்ணீர், நாக்கில் தேன் எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்துக் கைகால் தளர்வை உண்டாக்கும். இந்த ஒன்றில் மட்டும் உங்கள் அம்மாவிடம் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றபடி அப்போது சமைத்து, சூடாகக் கொடுத்து, பிள்ளை பெற்றவளை வேலை வாங்காமல் வைக்கிறாரே, அதெல்லாம் அவர் சொல்வது சரிதான்.

மகளுக்கு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனையும் அளவு உதிரம், கெட்ட வாடையோடு போக்கு, தையலில் சீழ், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், கண் மங்கலோடு கடும் தலைவலி, இவற்றில் எது வந்தாலும் சமையலை அப்படியே போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். தலை சுற்றலோடு மயக்கமோ படபடப்போ சேர்ந்தாலும் அப்படித்தான், பரிசோதனைக்குப் போகும் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.